சாவி பதித்த பிஸ்கட்

மைதா ஒன்றரைக் கிலோ.
டால்டா முக்கால். வெண்ணெய் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்,
போனஸ் இன்னும் கைக்கு வரவில்லை.
சர்க்கரையை மிக்ஸியில் இரண்டு தடவையாகப் பொடித்தேன்.
மூன்றாவது தடவை கேட்டால்
சூடேறி நின்றுவிடும், என்னைப் போல.

ஏலக்காய் தோலோடு.
தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.
டால்டா இளகி மாவைப் பிடித்துக்கொள்ளும்வரை
உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
ஷூ கம்பெனியில் நாளெல்லாம்
இடது கால் அப்பர் மட்டும் தைக்கிற கை இது.
எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவியும்
மாவு முதலில் சந்தேகப்பட்டது.

பேரணாம்பட்டில் எங்கள் தெருவில்
அந்த மாதிரி அடுப்பு யாரிடமும் இல்லை.
அத்தாவுல்லா பாய் பேக்கரியில்
ராத்திரி பத்து மணிக்குக் கடைசி பன் இறங்கியதும்
ஊர்த் தட்டுகள் ஏறும்.
தட்டுக்கு இருபது ரூபாய்.
கருகினால் அவர் பொறுப்பில்லை.

வரிசையில் பத்தொன்பது தட்டு.
எல்லாம் உருண்டை, எல்லாம் வெள்ளை.
அடையாளம் வேண்டும்.
நூர்ஜஹான் தையல் விரலுறையை அழுத்துவாள்.
பச்சையம்மா ஒற்றைக் கிராம்பு.
போன வருஷம் நான் சட்டைப் பட்டன் அழுத்தினேன்,
இன்னொருத்தியும் பட்டன்.
கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம்
யாரோ போட்ட உப்பு பிஸ்கட்டைக் கொடுத்து
நானே செய்தது என்றேன்.

இந்த வருஷம் பட்டனைத் தேடும்போது
மிஷின் டிராயரில் கையில் தட்டியது சாவி.
நீளத் தண்டு, இரண்டு பல்.
அப்பா வீட்டுச் சாவி.

பூட்டி மூன்று வருஷம்.
கேஸ் குடியாத்தம் கோர்ட்டில்.
ஒவ்வொரு வாய்தாவுக்கும்
நானும் என் தங்கை பியூலாவும்
ஒரே வேப்பமரத்துக்கு இரண்டு பக்கம் நின்று
ஆளுக்கொரு கடையில் டீ குடித்துவிட்டு
ஒரே பஸ் நிறுத்தத்தில்
எதிர்ப்பக்கம் பார்த்தபடி காத்திருப்போம்.

சாவியைப் புளி போட்டுத் தேய்த்தேன்,
கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன்.
மூன்று தட்டு, இருநூற்றுப் பத்து உருண்டை.
இருநூற்றுப் பத்துத் தடவை
அந்த வீட்டைத் திறப்பது போல அழுத்தினேன்.
திறப்பது போல என்று இப்போது எழுதுகிறேன்.
அப்போது நினைத்ததெல்லாம்
ஆழமாகப் பதிந்தால் விரிசல் விடுமே என்றுதான்.

பாய் நீளக் கட்டையால் உள்ளே தள்ளும்போது
குனிந்து பார்த்தார்.
"இன்னாமா, இத்தினி சாவி!
எந்த வூட்ல பூந்துக்கப் போறே?"

வேலிக்காத்தான் விறகின் சிவப்பில்
எல்லாச் சாவியும் கொஞ்சம் உப்பின,
கொஞ்சம் மங்கின,
ஆனால் அழியவில்லை.

எங்கள் லைன் பெண்களுக்கு ஆளுக்கு ஐந்து.
சூப்பர்வைசர் கேட்காமலே இரண்டு எடுத்துக்கொண்டார்.
நூர்ஜஹான் வீட்டுக்கு ஒரு டப்பா,
அவள் வீட்டு விரலுறை பிஸ்கட் எனக்கு ஒரு டப்பா.
ஐயர் அம்மாவுக்கு, பால்காரனுக்கு,
மாடி வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு.
கடைசியில் பதினான்கு மிஞ்சியது.
மிஞ்சியதா, மிச்சம் வைத்தேனா,
அதை யாரும் கேட்கவில்லை.

பால்பவுடர் டின்னில் அடுக்கி
ஐடிஐ விட்டு வந்த ரூபனிடம் கொடுத்தேன்.
"யார் குடுத்தான்னு அம்மா கேட்டா?"
"கேக்காது. தொறந்து பாக்கட்டும்."

புது வருஷம் போனது. பொங்கலும் போனது.
டின் வரவில்லை.
எங்கள் பக்கம் பாத்திரத்தை
வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை.
என்ன போட்டுத் தருவது என்று
அவளுக்கும் குழப்பமாக இருக்கலாம்.

நேற்று ரூபன்தான் சொன்னான்:
"அம்மா சுத்தி சுத்திக் கடிச்சிது, பெரிம்மா.
நடுவுல சாவிய மட்டும் சாசர்ல வெச்சிகினு
ரொம்ப நேரம் குந்தினு இருந்திச்சி.
அப்புறம் அதையும் டீயில முக்கித் தின்னிச்சி.
சக்கரை தூக்கல்னு சொல்லச் சொல்லிச்சி."

பிப்ரவரி ஒன்பது வாய்தா.
டின்னைக் கேட்க வேண்டும்.